பக்கத்து வயலுக்குப் போன களைக்கொல்லி

2017 கோடையில் அமெரிக்காவின் ஆர்கன்சா, மிசௌரி மாநிலங்களில் சோயா விவசாயிகள் பலர் ஒரே கோலத்தைக் கண்டார்கள். செடி பச்சையாகத்தான் நின்றது. கொழுந்து மட்டும் விரியாமல், ஓரம் மேல்நோக்கி மடிந்து, சின்னக் கிண்ணமாகக் குவிந்திருந்தது. இலை நுனி வெளிறியிருந்தது. அந்த வயல்களில் யாரும் டிகாம்பா அடிக்கவில்லை. அடித்தது அக்கம்பக்கத்தில்.

டிகாம்பா 1960-களிலிருந்தே புழங்கும் களைக்கொல்லி. செடியின் எந்த செல் எப்போது நீள வேண்டும், தண்டு எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்பதை ஆக்சின் என்ற ஹார்மோன் முடிவு செய்கிறது. டிகாம்பா அந்த ஆக்சினாகவே வேடம் கட்டுகிறது. சொந்த ஆக்சின் மிகுந்தால் செடி அதைச் சிதைத்துவிடும். இந்தப் போலியை எளிதில் சிதைக்க முடியாது. வளரச் சொல்லும் கட்டளை ஓயாமல் வர, தண்டு முறுக்கி, செடி வளர்ந்தே சாகிறது. மக்காச்சோளம் போன்ற புல்லினங்கள் அதைச் சிதைத்துத் தப்பிவிடும். அகன்ற இலைச் செடிகள் மாட்டிக்கொள்ளும்.

ஹார்மோன் வேலை என்பதால் துளியூண்டு போதும். ஒரு ஹெக்டேருக்கு அடிக்கும் அளவு 560 கிராம். அதில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.028 கிராம் படிந்தாலே சோயா இலை குவிகிறது. அதுவும் உடனே தெரியாது. ஏற்கெனவே விரிந்த இலைக்கு ஒன்றும் ஆகாது. அன்று குருத்துக்குள் இருந்த இலைதான் ஓரிரு வாரம் கழித்துக் கோணலாக வெளிவரும். அதற்குள் எந்த நாள், யாருடைய டிராக்டர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காற்றோடு போகும் துளியையாவது கட்டுப்படுத்தலாம். மூன்று மீட்டர் உயரத்திலிருந்து 100 மைக்ரான் துளி தரையைத் தொடப் பத்து விநாடி சொச்சம் ஆகும். 20 மைக்ரான் துளி நான்கு நிமிடம் மிதக்கும். ஆகவே பெரிய துளி தரும் நாசில், காற்று அடங்கிய நேரம் என்று எச்சரிக்கையாக இருக்கலாம். ஆனால் டிகாம்பா இலையில் படிந்து காய்ந்த பிறகும் ஆவியாகி எழும். தெளிந்த மாலையில் தரை குளிர்ந்து, குளிர்ந்த காற்றின் மேல் சூடான காற்று மூடிபோல் அமர்ந்தால், அந்த ஆவி மேலே கலையாமல் பக்கவாட்டில் நகர்ந்து போகும். விதிப்படி மருந்தடித்து வீட்டுக்குப் போனவரின் வயலிலிருந்தும் அது கிளம்பும். என்னை மிகவும் உறுத்துவது இதுதான்.

இந்தப் பழைய மருந்து 2017-ல் திடீரென்று பெருகியதற்குக் காரணம் ஒரு கீரை. நம் முளைக்கீரையின் உறவான பால்மர் அமராந்த், கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லிக்குச் சாகாத களையாகிவிட்டது. அதனால் டிகாம்பாவைத் தாங்கும் சோயா, பருத்தி விதைகள் சந்தைக்கு வந்தன. தாங்கும் மரபணு கிடைத்தது ஒரு மண் பாக்டீரியாவிடமிருந்து. களை முளைத்து வளர்ந்தபின், வெயில் காலத்தில், நின்ற பயிரின் மேலேயே மருந்தடித்தார்கள். வெயில் ஏற ஏற ஆவியும் கூடும். அந்த ஆண்டு சுமார் 36 லட்சம் ஏக்கர் சோயா பாதிக்கப்பட்டதாக மிசௌரி பல்கலைக்கழகக் களை ஆய்வாளர் கெவின் பிராட்லி கணக்கிட்டார். இளம்பயிராக அடிபட்டது பெரும்பாலும் தேறிவிடும். பூக்கும் பருவத்தில் பட்டால் மகசூல் போகும். தற்காப்புக்காகவே டிகாம்பாவைத் தாங்கும் விதையை வாங்கியவர்களும் உண்டு. திராட்சை, தக்காளி, பீச் பயிரிட்டவர்களுக்கு அந்த வழியும் இல்லை.

நம் ஊரில் இதே குணமுள்ளது 2,4-டி என்ற களைக்கொல்லி. மக்காச்சோளத்துக்கோ கரும்புக்கோ அடித்தது பருத்தியில் பட்டால், அகன்ற இலை வெண்டை இலைபோல் விரல் விரலாகக் குறுகிவிடும். சரியாகக் கழுவாத தெளிப்பானே இதற்குப் போதும். இந்த மருந்து எஸ்டர், அமைன் உப்பு, சோடியம் உப்பு என்று பல வடிவங்களில் விற்கிறது. எஸ்டர்தான் அதிகம் ஆவியாவது. பக்கத்தில் பருத்தி நிற்கும்போது, கடைக்காரர் எடுத்துத் தரும் டப்பா இவற்றில் எது என்று கேட்டு வாங்க வேண்டும்.