ஒலியைக் கண்ணாற் காணுதல்

அரபு மொழியில் உள்ளத்தைக் குறிக்கும் சொல்லையும் நாயைக் குறிக்கும் சொல்லையும் தமிழ் எழுத்தில் எழுதுவோமாயின் இரண்டும் ‘கல்ப்’ என்றே அமையும். முன்னது அடிநா உள்நாக்கைப் பொருந்தப் பிறக்கும் ககரம். பின்னது நாம் அறிந்த ககரம். தமிழ் ஒலிப்பழக்கத்தோடு அரபு பயில வரும் மாணவர்க்கு இவ்வேறுபாடு எளிதில் செவிப்படுவதில்லை. செவியில் விழாதது நாவில் எழுவது எங்ஙனம்? தமிழ் பயிலும் அயல்நாட்டார் ல, ள, ழ மூன்றினையும் ஒன்றெனக் கேட்டு மயங்குவதும் இதனை ஒத்ததே.

எழுத்துகளின் பிறப்பிடங்களைத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துரைத்தார். எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த அரபு இலக்கணி சீபவைஹி தம் மொழியின் ஒலிகளுக்கு 16 பிறப்பிடங்கள் கூறினார். எனினும், அடிநாவில் நிகழ்வதை ஆசிரியர் வாய்திறந்து காட்டவியலாது. பின்னாளில் வந்த மொழிப் பயிற்சிக்கூடம் ஒலிநாடாவைத் தந்தது. மாணவர் கேட்டார், திருப்பிச் சொன்னார். தம் பிழை எங்குள்ளது என்பதை மட்டும் அறிந்தாரில்லை.

அக்குறையைப் பெரிதும் நீக்குவது ‘பிராட்’ என்னும் கணினி நிரல். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பவுல் போர்ஸ்மா, டேவிட் வீனிங்க் ஆகிய இருவர் ஆக்கியது, விலையின்றிக் கிடைப்பது. நாம் பேசிய பேச்சை அது படமாக விரிக்கும். அப்படத்தில் கரும்பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தோன்றும். வாயறையின் வடிவு மாறுந்தோறும் அவை ஏறும், இறங்கும். ழகரத்தை ஒலிக்க நாவை வளைத்தால், கீழிருந்து மூன்றாவதான பட்டை தாழ்ந்து இரண்டாவதை நெருங்கும். லகரத்தில் அங்ஙனம் தாழாது. அரபியின் உள்நாக்குக் ககரத்தை அடுத்த அகரத்தில் இரண்டாம் பட்டை தாழும். ஆசிரியர் குரலின் படத்தை மேலும் தம் குரலின் படத்தைக் கீழும் வைத்து நோக்கும் மாணவர், தம் நா எங்கே தவறியது என்பதைத் தாமே உய்த்துணரலாம். ஒரு கணினியும் ஒலிவாங்கியும் இதற்குப் போதும். பெரும்பொருள் செலவிட்டுக் குளிரூட்டிய கூடம் அமைத்து, பின் அதனைப் பூட்டி வைப்பதினும் இது மேலானது என்பது எம் கருத்து.

எழுத்துப் பயிற்சியிலோ நிலைமை வேறு. கூகுள் மொழிபெயர்ப்பில் 2011இல் தமிழ் இடம்பெற்றது. 2022இன் இறுதியில் வெளிவந்த சாட்ஜிபிடி கட்டுரையையே இயற்றித் தரும். மாணவர் தாமே எழுதினாரா என்னும் ஐயம் ஆசிரியர்க்கு நீங்காத சுமையாயிற்று.

எமக்கு அண்டை அறையில் நிகழும் அரபு வகுப்பில் ஒரு மாணவர் தம் பாட்டியைப் பற்றிக் கட்டுரை அளித்தார். முதல் வரியில் பாட்டி பெண். இரண்டாம் வரியில் ஆண்! ‘அவர் வந்தார்’ என்னும் தமிழ் மரியாதைத் தொடர் ஆண், பெண் இருவர்க்கும் பொது. அரபு வினையோ பால் காட்டியாக வேண்டும். தனித்தனி வரியாகப் பொறிக்குள் இட்டதால், பொறி ஆணென்றே கொண்டது.

ஆசிரியர் சினவாமல், பெயர் குறியாது அப்பத்தியைக் கரும்பலகையில் எழுதினார். பிழைகளை வகுப்பே திருத்தியது. தமிழ் ‘அவர்’ மறைத்து நிற்பதை அரபு வினை எவ்வாறு வெளிப்படுத்துகிறது என்பதை அன்று அவர்கள் கற்றது போல் எந்தப் பாடநூலிலும் கற்றிருக்கமாட்டார்கள். அம்மாணவர் மறுநாள் கைப்பட எழுதிய கட்டுரை எட்டே வரி. அதில் மூன்று பிழைகள் இருந்தன. பாட்டி இறுதிவரை பாட்டியாகவே இருந்தார்.