ருஷ்ய மொழியிற் பாற்பகுப்பும் திரிபடையாப் பெயர்களும்: ஒரு சமூகவியல் நோக்கு

ருஷ்ய மொழியைப் புதிதாகக் கற்பவரை முதற்கண் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு அதன் பாற்பகுப்பாகும். தமிழிலே திணையும் பாலும் பொருளை அடியொற்றியவை. ருஷ்ய மொழியிலோ மேசை ஆண்பால், புத்தகம் பெண்பால், யன்னல் நடுப்பால். இதனைப் பெரும்பாலும் தீர்மானிப்பது சொல்லின் ஈறேயாகும். மெய்யீற்றுச் சொற்கள் பொதுவாக ஆண்பாலாகவும், ஆகார ஈற்றன பெண்பாலாகவும், ஓகார ஏகார ஈற்றன நடுப்பாலாகவும் அமைகின்றன. அவ்வீறு ஆறு வேற்றுமைகளுக்கும் ஏற்பத் திரிபடையும். அடைமொழியும் இறந்தகால வினையும் பெயரின் பாலோடு இயைதல் வேண்டும்.

இவ்வொழுங்குக்குப் புறத்தே நிற்பன திரிபடையாப் பெயர்கள். பல்த்தோ (மேலங்கி), கினோ (திரைப்படம்), தக்ஸி (வாடகைக் கார்) முதலாய இவற்றுட் பெரும்பாலானவை பிறமொழிகளிலிருந்து புகுந்தவை. எவ்வேற்றுமையிலும் இவற்றின் ஈறு மாறுவதில்லை. அவ்வாறாயின் இவற்றின் பாலைத் தீர்மானிப்பது யாது? உயிரற்ற பொருளாயின் பொதுவாக நடுப்பால்; கெங்குரு போன்ற விலங்காயின் ஆண்பால்; மனிதராயின் அவரவர் பால். மிசிசிப்பி பெண்பாலாவது ‘ஆறு’ என்னும் ருஷ்யச் சொல் பெண்பாலாதலின். சோச்சி ஆண்பாலாவது ‘நகரம்’ என்னும் சொல் ஆண்பாலாதலின். வடிவம் செயலிழக்குமிடத்துப் பொருள் ஆட்சிக்கு வருகின்றது. நமது திணைக் கோட்பாட்டிற்கு ருஷ்ய இலக்கணம் அண்மித்து வருமிடம் இதுவே எனலாம்.

இனி, இவை ஏன் திரிபடைவதில்லை என்னும் வினா எழுகின்றது. அந்நியச் சொற்கள் என்னும் வழமையான விடை போதுமானதன்று. தக்ஸி, கெங்குரு என்பவற்றின் ஈறுகள் ருஷ்ய ஒருமைப் பெயர்களின் வாய்பாட்டில் அடங்காதவை. அவை திரிபடையாமை இயல்பே. ஆனால் பல்த்தோ என்பதும் அக்னோ (யன்னல்) என்பதும் ஒரே ஈற்றைக் கொண்டவை. பின்னையது திரிபடைய, முன்னையது திரிபடையாதிருத்தற்கு ஒலியமைப்பிலே தடையெதுவுமில்லை. உண்மையில், கல்வி வாய்ப்பற்ற மக்கள் பல்த்தோவையும் திரித்தே வழங்கினர்.

விடையைச் சமூக வரலாற்றிலேயே தேடவேண்டியுள்ளது. 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் ருஷ்யப் பிரபுக்களின் இல்லங்களில் பிரெஞ்சு மொழி கோலோச்சியது. அவர்களுக்குப் பல்த்தோ பிரெஞ்சுச் சொல்லே. அதன் ஈற்றைத் தொடாது வழங்குதல் கல்வியின் அடையாளமாயிற்று. எனினும் பிரெஞ்சில் ஆண்பாலான அச்சொல்லை ருஷ்ய மொழி நடுப்பாலாக்கியே ஏற்றுக்கொண்டது. பாலை மாற்றுவது பிழையாகாதபோது ஈற்றை மாற்றுவது மட்டும் எங்ஙனம் பிழையாயிற்று? விவசாயியும் தொழிலாளியும் தம் தாய்மொழியின் விதிக்கு அச்சொல்லைப் பணியவைத்தனர். அவர்தம் வழக்கு தருக்கரீதியாக ஒழுங்கானது. ஆயினும் ‘பாமரர் வழக்கு’ என ஒதுக்கப்பட்டது.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. மொழியே வர்க்கத்தன்மை வாய்ந்த மேற்கட்டுமானம் என மார் வாதித்தார். 1950இல் பிராவ்தா இதழில் ஸ்டாலின் அக்கொள்கையை மறுத்தார். இலக்கண அமைப்பு எந்த வர்க்கத்தினதும் தனியுடைமையன்று என்பது உண்மையே. பிரபுவும் பண்ணையடிமையும் ருஷ்யம் பேசுகையில் அக்னோவை ஒரே விதமாகவே திரித்தனர். ஆனால், இரு வடிவங்களுள் ‘சரியானது’ எது எனத் தீர்மானிக்கும் அதிகாரமும் வர்க்கங்களுக்கு அப்பாற்பட்டது என்பது இதனாற் பெறப்படுவதில்லை.

புரட்சிக்குப் பின் பிறந்த சொற்கள் இதனைத் தெளிவாக்குகின்றன. 1921இல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கையின் சுருக்கம் ‘நெப்’ என்பதாகும். அத்தொடரின் தலைச்சொல்லாகிய ‘கொள்கை’ பெண்பால். எனினும் மெய்யீறு பெற்ற நெப் ஆண்பாலாகித் திரிபடைந்தது. உயர்கல்வி நிறுவனத்தைக் குறிக்கும் ‘வூஸ்’ என்பதும் இவ்வாறே. பிறமொழியின் கௌரவம் காவல் நில்லாதவிடத்து மொழியின் உள்விதி தடையின்றிச் செயற்பட்டது. ஆனால் பல்த்தோவுக்கு அந்த விடுதலை கிட்டவில்லை. சோவியத் காலத்துப் பாடசாலைகள் எழுத்தறிவைக் கோடிக்கணக்கானோருக்கு வழங்கின. அதனுடன் பழைய நியமத்தையும் வழங்கின. பண்பாட்டு மரபுரிமையைப் பொதுவுடைமையாக்கும்போது அதன் விலக்குகளும் உடன்வருகின்றன என்னும் முரண்பாடு ஈண்டுக் கவனத்திற்குரியது.

இது பழங்கதையன்று. கோப்பியைக் குறிக்கும் ‘கோஃபே’ பழைய வடிவங்களின் வழி ஆண்பாலாயிற்று; ஈறோ அதனை நடுப்பாலுக்கு இழுக்கின்றது. 2009இல் ருஷ்யக் கல்வி அமைச்சு அங்கீகரித்த அகராதிகளில் நடுப்பாலுக்கும் இடமிருந்தமை பெரும் கொதிப்பை எழுப்பியது. ஒரு பானத்தின் பாலா இத்துணைச் சினத்திற்குக் காரணம்? அன்று. கற்றோரையும் கல்லாதோரையும் பிரித்துக்காட்டிய ஓர் அடையாளம் கைநழுவுகின்றதே என்னும் அச்சமே அதில் வெளிப்பட்டது. எந்த மொழியிலாயினும், ஒரு வழக்கைப் பிழையென ஒதுக்குமுன் இரண்டு வினாக்களைப் பிரித்துக் கேட்டல் ஆய்வாளரின் கடனாகும்: அது மீறுவது மொழியின் விதியையா, அன்றி விதியைத் தம் உடைமையாகக் கொண்டோரின் விருப்பத்தையா?