சில்லு நிற்கும் இடம்

மாட்டு வண்டிச் சில்லுக்குக் குடம், ஆரக்கால், வட்டை என உறுப்புக்கள் மூன்று. குடம் அச்சிலே அமர்கின்றது. வட்டை நிலத்திலே உருள்கின்றது. ஆரக்கால் இரண்டையும் இணைக்கின்றது. மோட்டார்க் காரின் சில்லும் அடிப்படையில் இத்தகையதே. ஆயின், வண்டிச் சில்லை அச்சிலே கோத்துக் கடையாணி இடுவது போலக் கார்ச் சில்லைக் கோப்பதில்லை. அதன் நடுத்தகடு அச்சு முனையிலுள்ள குடத்தின் முகத்தோடு பொருந்தி, நான்கு அல்லது ஐந்து திருகாணிகளிலே நட்டுக்களால் இறுக்கப்படுகின்றது. அப்பொருந்துமுகம் சில்லின் அகலத்துக்குச் சரிநடுவில் இருத்தல் வேண்டும் என்ற நியதி இல்லை. நடுக்கோட்டிலிருந்து அது எத்தனை மில்லிமீற்றர் விலகி நிற்கின்றதோ, அந்த அளவையே மோட்டார்த் தொழிலாளர் ‘ஒஃப்செற்’ என்பர். தமிழில் அதனை விலகல் எனலாம்.

பொருந்துமுகம் நடுக்கோட்டுக்கு வெளியே, தெருப்பக்கமாக இருப்பின் அது நேர் விலகல். உள்ளே, காரின் பக்கமாக இருப்பின் மறை விலகல். விலகலின் எண் கூடினாற் சில்லு மட்காட்டினுள் ஒதுங்கும். குறைந்தால் வெளியே வரும். பழக்கமில்லாதவரை முதலில் மயங்கச் செய்வது இதுவே.

சாதாரண ஓட்டுநர் இதனைப் பற்றி எண்ண வேண்டியதில்லை. காரைச் செய்தவர்கள் கணக்கிட்டு அமைத்திருக்கின்றனர். தம் சொந்தக் காரைப் பந்தயத் தளத்துக்குக் கொண்டு சென்று ஓட்டிப் பழகுவோரும், ‘டிரிஃப்ட்’ எனப்படும் சறுக்கோட்டம் பயில்வோருமே அதனை மாற்ற முற்படுகின்றனர். பின் சில்லுகளை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, முன் சில்லுகளை எதிர்ப்புறம் திருப்பி, காரைப் பக்கவாட்டாக வளைவிலே செலுத்துவது சறுக்கோட்டம். யப்பானிலே 1970களில் பந்தய வீரர் குனிமிட்சு தக்கஹாஷி வளைவுகளை இவ்வாறு கடந்து புகழ் பெற்றார். அவரைப் பின்பற்றி மலைப்பாதைகளிற் பழகிய கெய்ச்சி சுச்சியா அவ்வித்தையை நாடறியச் செய்தார். இன்று அது பல நாடுகளிலும் போட்டியாகவும் பொழுதுபோக்காகவும் நடைபெறுகின்றது.

தொழில்முறை வீரனுக்குப் பின்னே பொறியியலாளர் குழுவொன்று நிற்கும். பொழுதுபோக்காக ஓட்டுபவனுக்கோ அவனே கணக்கன், அவனே கம்மியன். சனிக்கிழமை மாலை சில்லுகளைப் பூட்டி, ஞாயிறு காலை தளத்திலே ஓடுகின்றான். அவன் செய்யும் பிழைக்கு அவன் உயிரும், ஓரத்தில் நிற்போர் உயிரும் பிணையாகின்றன. ஆகவே விலகலின் கணக்கை அவன் தானே அறிந்திருத்தல் இன்றியமையாதது.

கணக்கு எளிது. சில்லின் அகலத்திற் பாதியோடு நேர் விலகலைக் கூட்டினால், பொருந்துமுகத்திலிருந்து சில்லு உள்ளே செல்லும் தூரம் கிடைக்கும். கழித்தால் வெளியே வரும் தூரம் கிடைக்கும். 1989இல் வெளிவந்த முதலாவது மஸ்டா எம்.எக்ஸ்.5 காரின் சில்லு ஐந்தரை அங்குல அகலமும் 45 மில்லிமீற்றர் விலகலும் உடையது. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர். எனவே அச்சில்லு உள்ளே ஏறக்குறைய 115 மில்லிமீற்றரும் வெளியே 25 மில்லிமீற்றரும் நீளுகின்றது. அதற்குப் பதிலாக ஏழு அங்குல அகலமும் 35 விலகலும் உடைய சில்லைப் பூட்டினால், அது உள்ளே 9 மில்லிமீற்றரும் வெளியே 29 மில்லிமீற்றரும் கூடுதலாக இடம் பிடிக்கும். அதே அகலத்தில் விலகல் 20 ஆயின், உட்புறம் பழைய சில்லைவிட 6 மில்லிமீற்றர் விடுபடும். வெளிப்புறமோ 44 மில்லிமீற்றர் தள்ளும். மட்காட்டின் விளிம்பு ரயரை அறுக்குமா அறுக்காதா என்பதை இவ்வெண்களே தீர்மானிக்கின்றன.

சில்லுகள் வெளியே வருவதனால் நன்மை உண்டு. இரு பக்கச் சில்லுகளுக்கும் இடைப்பட்ட தூரம் விரிவதால், வளைவிலே ஒருபக்கச் சில்லிலிருந்து மறுபக்கச் சில்லுக்கு மாறும் பாரம் குறைகின்றது. ஆனால் நன்மையின் அளவு சிறிது. மேற்கூறிய காரில் விலகல் 20 ஆகும்போது பக்கத்துக்கு 25 மில்லிமீற்றராக 50 மில்லிமீற்றர் விரியும். பாரமாற்றம் நூற்றுக்கு மூன்று வீதத்தைச் சற்றுக் கடந்தே குறையும்.

அதற்குக் கொடுக்கும் விலையையும் நோக்க வேண்டும். முன் சில்லு எந்த அச்சைப் பற்றித் திரும்புகின்றதோ, அவ்வச்சு நிலத்தைத் தொடும் புள்ளிக்கும் ரயர் நிலத்தை மிதிக்கும் நடுப்புள்ளிக்கும் இடையே ஒரு தூரம் உண்டு. சில்லு 25 மில்லிமீற்றர் வெளியே வந்தால் அம்மிதிப்புள்ளியும் அவ்வளவு வெளியே போகின்றது. நெம்புகோல் நீண்டது போலாகின்றது. ஒரு பக்கச் சில்லு புல்லிலும் மறுபக்கச் சில்லு தாரிலும் நிற்கையில் பிறேக்கை அழுத்தினால், பிடிப்புள்ள பக்கம் சுக்கானைத் தன்பால் வலிந்து இழுக்கும். தளத்தை விட்டு விலகிய புதியவன் கையிலிருந்து கார் தட்டிப் பறிபோவது இத்தகைய கணத்திலேதான். குடத்தினுள் இருக்கும் பெயரிங்கின் மீதும் வளைவு விசை கூடும்.

சறுக்கோட்டத்தில் நிலை சிறிது வேறு. சாதாரணக் காரின் முன் சில்லு ஏறக்குறைய 35 முதல் 40 பாகை வரை திரும்பும். இவ்விளையாட்டுக்காக மாற்றியமைத்த கார்களில் அது 60 பாகையையும் தாண்டுவதுண்டு. அவ்வளவு திரும்பும்போது ரயரின் உள்விளிம்பு கீழ்ப்புயத்திலோ காரின் சட்டத்திலோ உரசும். அதனைத் தவிர்க்கவே முன் சில்லுகளுக்குக் குறைந்த விலகல் தெரிந்தெடுக்கப்படுகின்றது. இங்கே அது தேவையால் வந்தது. வெறும் தோற்றத்துக்காக அதனைப் பார்த்துச் செய்பவன் நன்மையை விட்டுத் தீமையை மட்டும் பெறுகின்றான்.

விலகலைக் குறைக்க இடைத்தட்டு வைப்பாரும் உளர். 35 விலகலுடைய சில்லுக்கும் குடத்துக்கும் இடையே 15 மில்லிமீற்றர்த் தட்டு வைத்தால் அது 20 ஆகின்றது. ஆனால் பழைய திருகாணியிலேயே நட்டைப் பூட்டினால், தட்டின் கனமளவுக்கு ஆணியின் புரி நட்டினுள் நுழையாது நின்றுவிடும். புரி நுழையும் ஆழம் ஆணியின் விட்டத்துக்குக் குறையலாகாது. 12 மில்லிமீற்றர் ஆணியிற் புரியிடை ஒன்றரை மில்லிமீற்றராயின் நட்டு எட்டுச் சுற்றாவது ஏற வேண்டும். குறைந்தால் நீண்ட ஆணி பூட்டுக. அல்லது தட்டை விடுக. மேலும், மஸ்டாவின் புரியிடை 1.5, நிசானுடையது 1.25. ஒன்றின் நட்டை மற்றொன்றில் வலிந்து முறுக்கினாற் புரி அழியும். ஆணிகள் நிற்கும் வட்டத்தின் விட்டமும் எம்.எக்ஸ்.5 முதல் வகையில் 100 மில்லிமீற்றர். 1988இன் நிசான் சில்வியாவில் 114.3. இவை இரண்டும் நான்கு ஆணிக் கார்களே என்பதால் ஒன்றின் சில்லு மற்றொன்றுக்குப் பொருந்தும் என எண்ணலாகாது.

ரயரையும் மறத்தல் கூடாது. அகன்ற சில்லில் ஒடுங்கிய ரயரை இழுத்துப் பூட்டினால் அது மட்காட்டுக்குத் தப்பும்; ஆயின் பக்கவிசை மிகும்போது விளிம்பு கழன்று காற்று ஒருங்கே வெளியேறக்கூடும். 195/50 ஆர் 15 ரயருக்கு ஏற்ற சில்லகலம் ஐந்தரை முதல் ஏழு அங்குலம் வரை என்பது போல, ஒவ்வோர் அளவுக்கும் எல்லை வகுக்கப்பட்டிருக்கின்றது.

எண்ணிற் பொருந்துவது காரிலும் பொருந்தும் என்ற உறுதி இல்லை. ஆரக்காலின் வளைவு பிறேக்கின் உறுப்பிலே தட்டுவதை விலகலின் எண் காட்டாது. ஆகவே ஒரு சில்லை மட்டும் முதலிற் பூட்டி, ஸ்பிறிங்கைக் கழற்றிச் சில்லை மேலே உயர்த்தி, சுக்கானை இரு புறமும் முற்றாகத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். ஓடத் தொடங்கிச் சில சுற்றுக்களின் பின் நிறுத்தி, நட்டுக்களின் இறுக்கத்தை மீண்டும் சோதித்தல் வேண்டும். அரைமணி நேர வேலை அது. கழன்றோடும் சில்லு எத்திசையிற் போகும் என்பதை எவராலும் முன்கூட்டிக் கணிக்க இயலாது. அது கழலாமற் காப்பதோ அளவுகோலும் பொறுமையும் உள்ள எவருக்கும் இயலும்.