செத்த செவ்பாக்கா பிழைத்து வந்தது எப்படி?

1999-ம் ஆண்டில் அவன் செத்தான். 2015-ம் ஆண்டில் உயிரோடு வந்தான்!

அமெரிக்காவில் 1977-ம் ஆண்டு ஜார்ஜ் லூகாஸ் எடுத்த "ஸ்டார் வார்ஸ்" படம் சக்கைப்போடு போட்டது. வானவெளிச் சண்டைக் கதை. அதே பாத்திரங்களை வைத்துப் பலரும் நாவல் எழுதினார்கள். ஒருவர் கதை இன்னொருவர் கதையோடு மோதக்கூடாதே! லூகாஸ் கம்பெனி பார்த்து அனுமதித்த பிறகே புத்தகம் அச்சாகும்.

அப்படியும் சறுக்கியது. 1978-ம் ஆண்டு நாவலில், கதாநாயகன் லூக்குக்கு லேயா மீது ஆசை. 1983-ம் ஆண்டு படமோ, "இருவரும் இரட்டைக் குழந்தைகள்" என்றது! பாவம், நாவலாசிரியர் என்ன செய்வார்?

சந்திரன் விழுந்தது

செவ்பாக்கா, உடம்பெல்லாம் ரோமம் கொண்ட நெட்டையன். ஹான் சோலோவின் உயிர்த் தோழன். சிறுவர்களின் செல்லம்.

1999-ல் ஆர்.ஏ.சால்வடோர் எழுதிய "வெக்டர் பிரைம்" நாவலில், ஒரு கிரகத்தின் மீது சந்திரனே விழுகிறது. ஹானின் மகனைக் கப்பலில் ஏற்றிவிட்டான் செவ்பாக்கா. அவனால் ஏற முடியவில்லை. கப்பல் பறந்துவிட்டது.

வாசகர்கள் கொதித்தார்கள். சால்வடோருக்கு வசைக் கடிதங்கள் குவிந்தன. ஆனால், முக்கிய பாத்திரம் ஒன்று சாகவேண்டும் என்பது மேலிடத்தின் முடிவு. லூக்கைக் கொல்ல லூகாஸ் சம்மதிக்கவில்லை. பலியானவன் செவ்பாக்கா.

2012-ல் டிஸ்னி கம்பெனி லூகாஸ் கம்பெனியை வாங்கியது. 2014-ல் அறிவிப்பு வந்தது: பழைய நாவல்களில் நடந்தவை இனி கணக்கில் இல்லை!

2015-ல் புதுப்படம். ஹான் பழைய கப்பலில் ஏறினான். பக்கத்தில் செவ்பாக்கா!

இந்தத் தடவை செத்தது ஹான். கொன்றவன், அவன் பெற்ற மகன்.