செம்புத் துகளும் புகைபோக்கியின் சொல்லாடலும்

புகைபோக்கியில் வரும் கரியமில வாயுவைப் பிடித்து எரிபொருளாக்கிவிடலாம் என்ற பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. ‘நானோ’ என்ற சொல்லும் சேர்ந்துகொண்டால் பேச்சுக்குத் தனி மவுசு. இது முதலாளியத்தின் இன்னொரு புளுகு என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது சுலபம். ஆனால் இதில் மெய்யான வேதியியல் இருக்கிறது. அதை விளங்கிக்கொண்டால்தான் எங்கே கேள்வி கேட்பது என்பது பிடிபடும்.

எரிந்து முடிந்த கரி, தன் ஆற்றலைக் கொடுத்துவிட்டுப் பள்ளத்தில் படுத்துக்கொண்ட நிலைதான் கரியமில வாயு. அதை மறுபடி எரிபொருளாக்குவது என்றால் மேலே தூக்குவது. தூக்குகூலி இல்லாமல் முடியாது. கிடைக்கப்போகும் எரிபொருள் எரிந்தால் எவ்வளவு ஆற்றல் தருமோ, குறைந்தது அவ்வளவையாவது முதலிலேயே செலுத்தியாக வேண்டும்.

அப்படின்னா கிரியா ஊக்கிக்கு என்ன வேலை? வழியிலுள்ள மேட்டைத் தணிப்பதும், பல வழிகளில் ஒன்றைத் திறந்துவிடுவதும். 1985இல் ஜப்பானில் யோஷியோ ஹோரியும் சகாக்களும் செம்பு மின்வாயில் கரியமில வாயுவிலிருந்து மீத்தேன் உண்டாவதைக் காட்டினார்கள். தங்கமும் வெள்ளியும் பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடோடு நின்றுவிடும். செம்பு அதை இறுகப் பற்றுவதுமில்லை, சட்டென்று விட்டுவிடுவதுமில்லை. அந்த இடைநிலைப் பிடியில் இரண்டு கார்பன்கள் கைகோத்து எத்திலீன், எத்தனால் வரை போக முடிகிறது.

நானோ அளவு இங்கேதான் வருகிறது. ஒரு சென்டிமீட்டர் கனசதுரச் செம்பின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் 600 சதுர மீட்டர். வினை நடப்பது மேற்பரப்பில் என்பதால் இது பெரிய லாபம். துகளின் வடிவமும் முக்கியம்: கனசதுர முகங்கள் எத்திலீன் பக்கம் சாய்கின்றன. எந்தப் பொருள் கிடைக்கும் என்பதை அணுக்களின் அடுக்கு தீர்மானிக்கிறது.

ஆனால் எத்தனை நுண்ணிய துகளும் அந்தக் கூலியைக் கட்டாது. யார் கட்டுகிறார்கள் என்பதற்கு இரண்டு ஆலைகளைப் பார்க்கலாம். ஐஸ்லாந்தில் 2012இல் இயங்கத் தொடங்கிய ஜார்ஜ் ஓலா ஆலை, புவிவெப்ப மின்நிலையத்தின் கரியமில வாயுவையும், மின்சாரத்தால் நீரைப் பிரித்த ஹைட்ரஜனையும் சேர்த்து மெத்தனால் தயாரித்தது. 2015 விரிவாக்கத்துக்குப் பின் அதன் திறன் ஆண்டுக்கு 4,000 டன். சீனாவின் ஆன்யாங்கில் 2022இல் தொடங்கிய ஆலையின் திறன் 1,10,000 டன். அங்கே ஹைட்ரஜன் வருவது நிலக்கரியைக் கோக்காக்கும் அடுப்பின் வாயுவிலிருந்து. வேதியியல் ஒன்றே, ஒன்றின் பின்னால் பூமியின் சூடு, மற்றதன் பின்னால் நிலக்கரி.

உலகம் ஆண்டுதோறும் எரித்து வெளிவிடுவதோ 3,500 கோடி டன்னுக்கும் மேல். இந்தக் கணக்கை மறைக்கும் இடத்தில்தான் ‘மறுசுழற்சி’ என்ற சொல் அரசியலாகிறது. மெத்தனாலை எரித்தால் பிடித்த வாயு திரும்ப வானத்துக்கே போகும். நிலக்கரி மின்சாரத்தில் நீரைப் பிரித்து அதைத் தயாரித்தாலோ, பிடித்ததைப்போலப் பல மடங்கு வாயு வெளியேறும்.

ஆகவே இப்படியொரு திட்டம் ஊருக்குள் வந்தால் கேட்க மூணு கேள்வி போதும். ஹைட்ரஜன் எங்கிருந்து? மின்சாரம் எதிலிருந்து? உண்டாகும் பொருள் எரியப்போகிறதா, பொருளாகவே தங்கப்போகிறதா? பதில் வராத திட்டத்தில் ஊக்கம் பெறுவது புகைபோக்கி மட்டும்தான்.