ஒரு டாங்கி, ஐந்து பேர்: ஜெர்மன் டாங்கிப் படையில் யாருக்கு என்ன வேலை?

இரண்டாம் உலகப் போர் படங்களில் ஜெர்மன் டாங்கி வந்தாலே, மேல் மூடியைத் திறந்து ஒருவர் தலையை நீட்டிக்கொண்டு நிற்பார். அவர்தான் கமாண்டர். அப்படியென்றால் பெரிய ராணுவ அதிகாரியா? பெரும்பாலும் இல்லை.

பதவி வேறு, வேலை வேறு

ஆபீஸில் டெசிக்னேஷன் ஒன்று, பார்க்கிற வேலை ஒன்று இருக்குமே, அதே கதைதான். 'கமாண்டர்' என்பது டாங்கிக்குள் ஒருவர் பார்த்த வேலை. ரேங்க்கில் அவர் பெரும்பாலும் 'உன்டர்ஆஃபிசியர்' அல்லது 'ஃபெல்ட்வேபெல்', அதாவது சார்ஜென்ட் மாதிரியான நிலை. நாலைந்து டாங்கிகள் சேர்ந்த பிளட்டூனுக்குத்தான் லெஃப்டினன்ட் தலைவர். ஆள் பற்றாக்குறையில் அதையும் சார்ஜென்ட்களே பார்த்ததுண்டு.

உள்ளே யார் யார்?

பான்சர் 4, பாந்தர், டைகர் எல்லாவற்றிலும் ஐந்து பேர்.

• கமாண்டர்: சுற்றிலும் பார்ப்பது, இலக்கைச் சொல்வது, மற்ற டாங்கிகளுடன் ஒருங்கிணைப்பது.
• கன்னர்: குறிபார்த்துச் சுடுவது.
• லோடர்: குண்டை எடுத்துப் பீரங்கியில் போடுவது. டைகரின் குண்டு ஒன்று சுமார் 15 கிலோ. பெரும்பாலும் ஜூனியர் தலையில்தான் இந்த வேலை விழும்.
• டிரைவர்: டைகர் என்றால் 57 டன் வண்டி. ஓட்டுவதோடு இன்ஜின் பராமரிப்பும் இவர் பொறுப்பு.
• ரேடியோ ஆபரேட்டர்: டிரைவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து தகவல் தொடர்பு, கூடவே முன்பக்க மெஷின் கன்.

ஐந்து பேர் எதற்கு?

1940-ல் பிரான்ஸில் இதற்கு விடை கிடைத்தது. பிரெஞ்சு டாங்கிகள் பலவற்றின் கவசம் ஜெர்மன் டாங்கிகளைவிடத் தடிமன். ஆனால் மேல் கூண்டில் ஒரே ஆள். பார்ப்பது, குண்டு போடுவது, சுடுவது, உத்தரவிடுவது எல்லாமே அவர்தான். பலவற்றில் ரேடியோவும் இல்லை. பான்சர் 3, 4-ல் அந்த வேலையை மூன்று பேர் பிரித்துக்கொண்டார்கள். முதல் உலகப் போரில் தகவல் தொடர்புப் பிரிவில் இருந்த ஹைன்ஸ் குடேரியன், டாங்கிகளுக்கு ரேடியோ அவசியம் என்று வலியுறுத்தியவர். சோவியத்தும் பாடம் கற்றது: 1944-ல் வந்த டி-34-85-ல் கூண்டில் மூன்று பேர்.

231 என்றால் என்ன?

கூண்டில் எழுதிய எண்தான் முகவரி. 231 என்றால் 2-வது கம்பெனி, 3-வது பிளட்டூன், 1-வது வண்டி. அந்த முதல் வண்டியில்தான் வழக்கமாகப் பிளட்டூன் தலைவர் இருப்பார்.

கொடுத்த விலை

மூடியைச் சாத்தினால் கமாண்டருக்கு வெளியே சரியாகத் தெரியாது. திறந்தால் எதிரியின் தோட்டாவுக்குத் தலையே இலக்கு. நன்றாகப் பார்க்க வேண்டும் என்று தலையை நீட்டியே பல கமாண்டர்கள் இறந்தார்கள். இத்தனை திறமையும் போலந்து முதல் சோவியத் வரை நாஜிகளின் ஆக்கிரமிப்புக்குத்தான் பயன்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது.

இன்றைய ஜெர்மனியின் லெப்பர்ட் 2-ல் நான்கே பேர். ரேடியோ ஆபரேட்டர் சீட் போய்விட்டது. ஆனால் கூண்டில் இன்றும் அதே மூவர்: கமாண்டர், கன்னர், லோடர்.