குதி உயர்ந்த காலணி

பெங்களூரு விவேக் நகரில் வாழும் தமிழர் இரயிலில் சென்னைக்குச் செல்லும்போது ஆம்பூரைக் கடந்தே செல்வர். ஆம்பூர் என்றதும் பிரியாணியே பலர் நினைவுக்கு வரும். ஆயினும், ஐரோப்பியக் கடைகளின் கண்ணாடிப் பேழைகளில் மின்னும் காலணிகள் சிலவற்றின் பிறப்பிடமும் அப்பகுதியே.

பழந்தமிழர் காலணியைத் ‘தொடுதோல்’ என்றனர். அச்சொல் பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. உயர்ந்த குதியோ பாரசீகக் குதிரை வீரருக்கு உரியது. அங்கவடியில் கால் நழுவாமல் எழுந்து நின்று அம்பெய்ய அது உதவியது. 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஆடவர் அதனை விரும்பி அணிந்தனர். பிரான்சு மன்னர் பதினான்காம் லூயி சிவப்புக் குதிகளை அணிந்தார். ஆணிபோல் மெலிந்த குதி 1950-களில் பரவியது. மரத்தால் மட்டும் செய்தால் அது ஒடிந்துவிடும். உள்ளே உலோகத் தண்டு வைத்த பின்னரே அத்துணை மெலிவு இயன்றது.

இத்தகைய காலணியில் பளபளப்பும் பதித்த மணிகளுமே முதலில் கண்ணைக் கவரும். மதிப்பிட விரும்புவோர் அதனைச் சமதளத்தில் வைத்து விரலால் தட்டிப் பார்த்தல் வேண்டும். அங்கே தள்ளாடும் காலணி அணிந்தவரையும் தள்ளாடச் செய்யும். பின்னர் நடுவளைவை அழுத்துதல் வேண்டும். உள்ளிருக்கும் எஃகுத் தகடு உறுதியாயின் வளைவு அமுங்காது. குதி உயர உயர, உடலின் எடை முன்பாதத்தில் இறங்கும். முனை குறுகியிருப்பின் விரல்கள் நெரியும். ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. மணிகளின் அழகு அவற்றுக்குத் தெரியாது. இறுதியாகத் தையலைக் காண்க. இழைகளின் இடைவெளி வளைவுகளிலும் மாறாதிருப்பின், தைத்தவர் கைதேர்ந்தவர்.